பழைய தரைக் கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றுவது செயற்கைக்கோளைக் கட்டுவதைவிடக் கடினமா?

நிபோங் திபால் மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபோங் திபால் பொறியியல் வளாகத்தில் விண்வெளிப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். இராணுவச் செயற்கைக்கோள்களை இயக்கும் தரைக் கட்டுப்பாட்டு அமைப்புகளை நவீனப்படுத்துவது பற்றி என் இறுதியாண்டு ஆய்வை எழுத விரும்புகிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி பெரிதாகிக்கொண்டே போகிறது. விரிவுரையாளரிடம் கேட்டேன். அமைப்புப் பொறியியலின் பொதுவான விதிகளை அவர் விளக்கினார். இந்தத் துறையில் கைபட வேலை செய்தவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய வேண்டுமென்பதால் இங்கே கேட்கிறேன்.

அமெரிக்காவின் ஜிபிஎஸ் அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் வெளிப்படையான அறிக்கைகள் அதிகம். ஓசிஎக்ஸ் எனப்படும் புதிய தரைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கான ஒப்பந்தம் 2010 பிப்ரவரியில் ரேதியான் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. 2016 ஜூனில் செலவு வரம்பு மீறப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, திட்டத்தைத் தொடரலாமா, நிறுத்திவிடலாமா என்று பரிசீலிக்கும் நிலை வந்தது. விண்வெளிப் படை அதை ஒப்பந்தக்காரரிடமிருந்து பெற்றுக்கொண்டது 2025 ஜூலையில்தான். இந்த இடைவெளிக்குள் மூன்றாம் தலைமுறை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 2018 டிசம்பர் முதல் ஒன்றன்பின் ஒன்றாக ஏவப்பட்டுவிட்டன. 20,000 கிலோமீட்டர் உயரத்தில் பல ஆண்டுகள் கதிர்வீச்சைத் தாங்கி உழைக்க வேண்டிய பொருளைக் கட்டி அனுப்ப முடிகிறது. அதை இயக்க, குளிரூட்டிய அறையில் இருக்கும் கணினிகளில் ஓடவேண்டிய மென்பொருளை முடிக்க 15 ஆண்டுகள் ஏன் பிடிக்கின்றன?

என் தந்தை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தவர். அவருடைய தொழிற்சாலையில் மிகப் பழைய கணினியை நம்பி ஓடும் ஒரு சோதனை இயந்திரம் இருந்ததாம். அதைத் தொட எல்லோரும் அஞ்சுவார்களாம். "ஓடுகிற இயந்திரத்தின் மேல் கை வைக்காதே" என்பது அங்கே எழுதாத சட்டம். அந்த அச்சம்தான் இங்கும் காரணமா, அல்லது செயற்கைக்கோள்களுக்கே உரிய வேறு தடைகள் இருக்கின்றனவா?

—

பழைய பணியறைக்காரர் எழுதியது:

தம்பி, நல்ல தலைப்பை எடுத்திருக்கிறீர்கள். நான் இராணுவச் செயற்கைக்கோள்களில் வேலை செய்ததில்லை. வணிகச் செயற்கைக்கோள்களின் கட்டுப்பாட்டு அறை ஒன்றில் பல ஆண்டுகள் இரவுப் பணியும் பகல் பணியும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இப்போது ஓய்வுபெற்றுக் கோலாலம்பூரில் இருக்கிறேன். கட்டளையும் டெலிமெட்ரியும் (செயற்கைக்கோள் தன் நிலையைப் பற்றிக் கீழே அனுப்பும் தரவு) இரு உலகங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் தந்தை சொன்ன அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்கு அடியில் இருப்பதைத்தான் நீங்கள் ஆராய வேண்டும். பழைய அமைப்பு என்னென்ன செய்கிறது என்பது எந்த ஆவணத்திலும் முழுமையாக இருக்காது. அதன் பழக்கங்கள்தான் அதன் வரையறை.

நாங்கள் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியபோது நடந்ததைச் சொல்கிறேன். செயற்கைக்கோளுக்கு ஒரு கட்டளையை அனுப்பினால், அது நிறைவேறியதா என்பதை டெலிமெட்ரியில் வரும் நிலைக்குறியைப் பார்த்து உறுதிசெய்வோம். எல்லாக் குறிகளும் ஒவ்வொரு நொடியும் வருவதில்லை. சில குறிகள் அரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். பழைய மென்பொருள் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் நெடுநேரம் காத்திருக்கும். அது பழைய கணினியின் மெத்தனம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். புதிய மென்பொருள் விரைவானது. கட்டளையை அனுப்பிய சில நொடிகளிலேயே குறியைப் பார்த்தது, பழைய மதிப்பே இருந்ததால் கட்டளை தோல்வியுற்றது என்று முடிவு செய்தது, உடனே அதே கட்டளையை மறுபடி அனுப்ப முற்பட்டது. அந்தக் கட்டளையோ ஒரு சூடேற்றியை மாறிமாறி இயக்கி நிறுத்தும் வகையைச் சேர்ந்தது. முதல் கட்டளை அதை இயக்கியிருக்கும், இரண்டாவது கட்டளை அதையே நிறுத்தியிருக்கும். செயற்கைக்கோளைப் போல நடிக்கும் மாதிரிப்பொறியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதே இது தெரிந்துவிட்டதால் தப்பினோம். உண்மையான செயற்கைக்கோளில் நடந்திருந்தால், இயங்குவதாக நாங்கள் நம்பிய சூடேற்றி அணைந்தே இருந்திருக்கும், எரிபொருள் குழாய் உறையத் தொடங்கியிருக்கும்.

அந்தக் காத்திருப்பு நேரத்தை எழுதிய பொறியாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் ஏன் அப்படி எழுதினார் என்று ஒரு வரி விளக்கம்கூட நிரலில் இல்லை. இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் ஒவ்வொரு பழைய அமைப்பிலும் ஒளிந்திருக்கும். அவற்றைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஆண்டுகள் செலவாகின்றன. புதிய நிரலை எழுதுவதற்கு அவ்வளவு காலம் ஆவதில்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பதை யாரும் போய்த் தொட முடியாது. 1990-களில் ஏவப்பட்ட செயற்கைக்கோளும் இவ்வாண்டு ஏவப்பட்டதும் ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயங்க வேண்டியிருக்கும். அவற்றின் கட்டளை வடிவமும் மறைகுறியாக்க முறையும் ஏவிய நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிட்டவை. ஆகவே தரையில் எவ்வளவு புதிய அமைப்பைக் கட்டினாலும், அது மிகப் பழைய செயற்கைக்கோளின் மொழியையும் பிழையின்றிப் பேச வேண்டும்.

—

ஜாலான் ஈப்போ நிரலாளர் எழுதியது:

ஐயா சொன்ன சூடேற்றி நிகழ்வைப் படித்தபோது எங்கள் வங்கியில் நடந்தவையெல்லாம் நினைவுக்கு வந்தன. நான் மெயின்பிரேம் எனப்படும் பெரிய மையக் கணினிகளிலிருந்து புதிய தளத்துக்குக் கணக்குகளை மாற்றும் வேலையைக் கோலாலம்பூரில் செய்கிறேன். செயற்கைக்கோள் எனக்குப் புதிது என்றாலும், இந்தத் திட்டங்களின் வரலாற்றை ஆர்வத்தோடு படித்து வருகிறேன்.

மாணவர் ஓசிஎக்ஸை மட்டும் பார்த்திருக்கிறார். அதற்கு முந்தைய மாற்றத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. ஜிபிஎஸ்ஸின் பழைய தரைக் கட்டுப்பாட்டு அமைப்பும் மெயின்பிரேமில்தான் ஓடியது. 2007-இல் அதிலிருந்து ஏஇபி என்ற பரவலாக்கப்பட்ட கணினி அமைப்புக்கு மாறினார்கள். உலகெங்கும் வண்டியோட்டியும் கப்பலோட்டியும் வாழ்ந்துகொண்டிருந்த கோடிக்கணக்கான பயனர்கள் அதை உணரவேயில்லை. வெற்றிகரமான மாற்றம் செய்தியாவதில்லை, அதனால்தான் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதே ஏஇபி 2010 ஜனவரியில் ஒரு பாடம் கற்பித்தது. அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோள்களை வரவேற்பதற்காகத் தரை மென்பொருளில் ஒரு புதுப்பிப்பை ஏற்றினார்கள். அதன் விளைவாக இராணுவம் பயன்படுத்திய ஒரு வகை ஜிபிஎஸ் வாங்கிகளில் (ரிசீவர்களில்) 10,000 வரை சரியாக இயங்காமல் போயின. செயற்கைக்கோள்கள் தம் வேலையைச் சரியாகத்தான் செய்தன. தரையிலிருந்து மேலே போய், மேலிருந்து திரும்பிவந்த தரவின் அமைப்பில் நேர்ந்த சிறு மாற்றத்தை அந்த வாங்கிகளால் ஏற்க முடியவில்லை. தரை அமைப்பைச் சோதிப்பது என்றால் அதன் மறுமுனையில் இருக்கும் எல்லா வகைக் கருவிகளையும் சேர்த்துச் சோதிப்பது என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

2016 ஜனவரி 26 அன்று நடந்ததோ இன்னும் நுட்பமானது. 1990-இல் ஏவப்பட்ட ஒரு முதிய ஜிபிஎஸ் செயற்கைக்கோளைப் பணியிலிருந்து விலக்கினார்கள். அதைத் தொடர்ந்து தரை மென்பொருளில் இருந்த ஒரு பிழை வெளிப்பட்டு, உலக நேரத்தோடு ஒத்திசைக்கும் அளவில் 13.7 மைக்ரோநொடி தவறு பல செயற்கைக்கோள்கள் வழியாக மணிக்கணக்கில் ஒலிபரப்பானது. அந்த நேரத்துக்குள் ஒளி நான்கு கிலோமீட்டர் போய்விடும். இருப்பிடக் கணக்குக்கு வேறு அளவுகள் பயன்படுவதால் வரைபடங்கள் தப்பின. நேரத்துக்காக ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்த தொலைத்தொடர்பு வலைகளிலும் பிரிட்டனின் மின்னிலக்க (டிஜிட்டல்) வானொலி ஒலிபரப்பிலும்தான் தொல்லை வந்தது. ஒரு செயற்கைக்கோளைப் பட்டியலிலிருந்து நீக்குவதுகூடத் தரை அமைப்பின் பார்வையில் அரிதாகவே மிதிக்கப்படும் பாதைதான். அந்தப் பாதையில்தான் பிழை காத்திருந்தது.

ஓசிஎக்ஸைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்ற முனைந்ததே அடிப்படைத் தவறு என்று கருதுகிறேன். புதிய குறிகைகள் (சிக்னல்கள்), புதிய செயற்கைக்கோள்கள், மிகக் கடுமையான இணையப் பாதுகாப்பு, முற்றிலும் புதிய கட்டமைப்பு ஆகிய அனைத்தையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் அடைத்தார்கள். பாதுகாப்புத் தேவைகளின் சிக்கலைக் குறைத்து மதிப்பிட்டதும், மென்பொருள் வளர்ச்சியில் குறைகள் குவிந்ததும் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் மீண்டும் மீண்டும் எழுதிய காரணங்கள். கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? புதிய வீடு கட்டி முடியாததால் பழைய வீட்டுக்கே ஒட்டுப்போட்டார்கள். 2016-இல் லாக்ஹீட் மார்ட்டினிடம் பழைய ஏஇபியையே மூன்றாம் தலைமுறைச் செயற்கைக்கோள்களை இயக்கும்படி விரிவாக்கச் சொல்லி ஒரு தற்காலிக வேலையைக் கொடுத்தார்கள். பிறகு எம்-கோட் என்ற இராணுவக் குறிகையின் அடிப்படைப் பயன்பாட்டையும் 2020-இல் அதே பழைய அமைப்பில் சேர்த்தார்கள். எம்-கோடை ஒலிபரப்பும் முதல் செயற்கைக்கோள் 2005 செப்டம்பரிலேயே ஏவப்பட்டுவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். தரையில் ஆயத்தம் இல்லாததால் மேலே இருந்த திறன் 15 ஆண்டுகள் முழுமையாகப் பயன்படவில்லை.

எங்கள் வங்கியில் நாங்கள் கடைப்பிடித்த வழி, பழையதையும் புதியதையும் இரண்டு மாதங்கள் இணையாக ஓடவிட்டு, இரண்டின் விடைகளையும் ஒவ்வோர் இரவும் ஒப்பிடுவது. செயற்கைக்கோளுக்கும் அதையே செய்தால் பெரும்பகுதிச் சிக்கல் தீருமே?

—

பழைய பணியறைக்காரர் எழுதியது:

நிரலாளர் தம்பி எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன், குறிப்பாக ஒரே அடியில் மாற்ற முனைந்தது பற்றிய கருத்தை. இணையாக ஓடவிடுவதில் மட்டும் ஒரு வரம்பு இருக்கிறது. டெலிமெட்ரி கீழே வருவது மழை பொழிவதைப் போன்றது, எத்தனை பாத்திரம் வைத்தாலும் நிறையும். ஆகவே பழைய அமைப்பும் புதிய அமைப்பும் ஒரே நேரத்தில் அதைப் படித்து, ஒவ்வொரு மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் ஒப்பிடலாம். கட்டளை அப்படியல்ல. ஒரு நேரத்தில் ஒரு கைதான் செயற்கைக்கோளோடு பேசலாம். புதிய அமைப்பின் கட்டளைப் பகுதியை உண்மையில் சோதிக்க வேண்டுமென்றால், ஏதோ ஒரு நாளில் பழைய கையை எடுத்துவிட்டுப் புதிய கையை வைத்தே ஆகவேண்டும்.

நாங்கள் செய்தது இதுதான். எரிபொருள் குறைந்து, ஓய்வுக்கு அருகில் இருந்த செயற்கைக்கோளை முதலில் மாற்றினோம். அதற்கு எந்த விளைவும் ஏற்படுத்தாத வெற்றுக் கட்டளைகளை அனுப்பிப் பார்த்தோம், பிறகு சிறிய கட்டளைகள், பல வாரங்கள் கழித்துத்தான் சுற்றுப்பாதையைத் திருத்தும் உந்துதல். அது வரையில் பழைய கணினிகள் மின்சாரத்தோடு பக்கத்திலேயே காத்திருந்தன. வருமானம் தரும் முதன்மைச் செயற்கைக்கோளைக் கடைசியில்தான் தொட்டோம். இராணுவத்துக்கு இந்த வசதி எப்போதும் கிடைப்பதில்லை. ஏவுகணை எச்சரிக்கை தரும் செயற்கைக்கோள்கள் சிலவே இருக்கும், அவற்றில் எதையும் ஒத்திகைக்கு ஒதுக்க மனம் வராது.

ஆண்டெனாக்களையும் மறந்துவிடாதீர்கள். எல்லோரும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறார்கள். அமெரிக்க இராணுவத்தின் பொதுவான செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு வலை 1959-இல் தொடங்கியது. கிரீன்லாந்து, குவாம், ஹவாய், நம் இந்தியப் பெருங்கடலின் டியேகோ கார்சியா என்று உலகின் ஏழு இடங்களில் 19 பெரிய தட்டு வடிவ (வட்டில்) ஆண்டெனாக்களை வைத்து, பல வேறு திட்டங்களின் செயற்கைக்கோள்களுக்கு அது முறை வைத்துச் சேவை செய்கிறது. ஒரு வட்டில் ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளையே நோக்கும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் போவது ஒரு நிலையத்தின் வானத்தில் பத்து நிமிடம் அளவுக்கே தெரியும். செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை பெருகப் பெருக அந்தப் பத்து நிமிடத்துக்குப் போட்டி வருகிறது. பாகத்தை மாற்றுவதற்காக ஒரு வட்டிலை நிறுத்தினால் அன்றைய பட்டியல் முழுவதும் குலைகிறது. ஆகவே பழுதுபார்ப்பும் நவீனப்படுத்துதலும் அதே ஆண்டெனா நேரத்தைத்தான் பிடுங்கிக்கொள்கின்றன. அசையும் பாகங்கள் இல்லாமல், ஒரே முகப்பிலிருந்து பல கற்றைகளைப் பல செயற்கைக்கோள்களை நோக்கி மின்னணு முறையில் திருப்பும் ஆண்டெனாக்களை இப்போது வாங்குவதற்கு இதுவே காரணம்.

—

சைபர்ஜெயா பாதுகாப்புப் பிரிவு எழுதியது:

வணக்கம். நான் வலைப் பாதுகாப்புத் துறையில் பணிபுரிகிறேன். ஐயாவும் அண்ணனும் தொடாத ஒரு பக்கத்தைச் சேர்க்கிறேன், ஏனெனில் நவீனப்படுத்துதல் ஒரு புதிய ஆபத்தையும் கூடவே கொண்டுவருகிறது.

பழைய தரை அமைப்புகள் ஒருவகையில் தனிமையால் காக்கப்பட்டன. தனிக் கணினி, தனிக் கம்பி, பூட்டிய அறை. நவீனப்படுத்தும்போது அவற்றைப் பொது நெறிமுறைகளில் பேசும் சேவையகங்களாகவும், தொலைவிலிருந்து நிர்வகிக்கக்கூடியவையாகவும் மாற்றுகிறோம். அதனால் கதவுகளின் எண்ணிக்கை கூடுகிறது. 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னர், வியாசாட் நிறுவனத்தின் கா-சாட் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை தாக்கப்பட்டதை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். செயற்கைக்கோளை யாரும் தொடவில்லை. தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு தொலை அணுகல் கருவி வழியாகத் தரையிலுள்ள நிர்வாக வலைக்குள் நுழைந்து, அங்கிருந்து முறையான நிர்வாகக் கட்டளைகளைப் போலவே தோன்றும் கட்டளைகளை அனுப்பி, பல்லாயிரக்கணக்கான மோடங்களின் நினைவகத்தை அழித்தார்கள். ஜெர்மனியில் ஏறத்தாழ 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் அதனால் நின்றுபோனது. காற்றாலைகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன, அவற்றைத் தொலைவிலிருந்து பார்க்கும் கண்தான் போய்விட்டது.

ஓசிஎக்ஸின் பாதுகாப்புத் தேவைகள் மிகையானவை என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தேவைகள் சரியானவை, அவற்றைக் கட்டமைப்பு முடிவான பிறகு மேலே பூசுவதற்கு ஆகும் செலவைத்தான் தவறாகக் கணித்தார்கள். கட்டளை அனுப்பும் பகுதியை மற்றவற்றிலிருந்து பிரித்து, அதன் வாயிலைக் குறுகலாக வைத்து, அதற்குள் நுழையும் ஒவ்வொரு செய்தியும் யாரிடமிருந்து வந்தது என்று சரிபார்ப்பதை முதல் நாளிலேயே வரைபடத்தில் சேர்த்தால், பின்னால் வரும் வலி பெருமளவு குறையும். டெலிமெட்ரியைக் காட்டும் திரைகள், திட்டமிடும் கருவிகள், பயிற்சி மென்பொருள் ஆகியவற்றை எவ்வளவு விரைவாக வேண்டுமானாலும் புதுப்பித்துக்கொள்ளலாம். அந்தக் குறுகிய வாயிலை மட்டும் மெதுவாக, பல கண்கள் பார்க்க, மாற்ற வேண்டும்.

—

நிபோங் திபால் மாணவன் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அச்சமா, வேறு தடையா என்று நான் கேட்டதே சரியான பிரிவினை இல்லை என்று இப்போது தெரிகிறது. ஐயா சொன்ன அந்தக் காத்திருப்பு நேரத்தையே என் ஆய்வின் மையமாக்கலாம் என்று நினைக்கிறேன்: பழைய அமைப்பின் எழுதப்படாத பழக்கங்களை அதன் பதிவுகளிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா? இராணுவத் தரவு எனக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஒரு மாணவன் எதை வைத்து இதைச் செய்து பார்க்கலாம்?

—

பழைய பணியறைக்காரர் எழுதியது:

செய்யலாம், தம்பி. சாட்நாக்ஸ் என்ற திறந்த வலையில் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சிறு செயற்கைக்கோள்களின் டெலிமெட்ரியைப் பதிவுசெய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். நீங்களே வளாகத்தின் கூரையில் ஒரு சிறிய ஆண்டெனா வைத்துக் கேட்கவும் முடியும். கட்டளை அனுப்பும் பக்கம் மட்டும் போகாதீர்கள், அதற்கு உரிமம் வேண்டும். தரையில் ஓடும் மென்பொருளுக்கு யாம்க்ஸ், ஓபன் எம்சிடி ஆகிய இரண்டும் திறந்த நிரல்களாகக் கிடைக்கின்றன.

ஒரே பதிவை இரண்டு வெவ்வேறு மென்பொருள்களில் ஓடவிடுங்கள். எச்சரிக்கை ஒலி எழுந்த நேரங்களை மட்டும் முதலில் ஒப்பிடுங்கள். ஒன்று ஒலித்து மற்றது ஒலிக்காத ஒவ்வோர் இடத்துக்கும் காரணத்தைத் தேடி, ஒரு குறிப்பேட்டில் கையால் எழுதி வையுங்கள். பிறகு உங்கள் செயற்கைக்கோள்போல நடிக்கும் ஒரு சிறு மாதிரிப்பொறியை எழுதி, அதன் நிலைக்குறி 32 நொடிக்கு ஒருமுறை மட்டும் மாறும்படி வைத்து, உங்கள் புதிய மென்பொருள் எத்தனை முறை அவசரப்பட்டுக் கட்டளையை மறுபடி அனுப்புகிறது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி விடுமுறைக்குப் பிறகு நான் பட்டர்வொர்த்துக்கு மகள் வீட்டுக்கு வருவேன். உங்கள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், பக்கம் பக்கமாகச் சேர்ந்து பார்ப்போம்.